பழைய பலகை எல்லாம் பர்மா தேக்கா?

டெல்டாவில் எந்தப் பழைய வீட்டைப் பிரித்தாலும் ஒரு வாக்கியம் காதில் விழும்: "அத்தனையும் பர்மா தேக்கு சார்." கும்பகோணத்தில் ஒரு ஓட்டு வீட்டிலிருந்து இறக்கிய பலகைகளைப் பார்க்கப் போனபோதும் இதேதான் சொன்னாங்க. கையோடு லென்ஸ் கொண்டு போயிருந்தேன்.

நூறு வருஷப் புகையும் எண்ணெயும் ஏறிய பலகையில் மேல்நிறத்தை நம்பவே கூடாது. குறுக்கே அறுத்த முனையைப் புது பிளேடால் மெல்லிசா சீவிட்டு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பார்க்கணும். தேக்கில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும், போகப் போகச் சிறுத்துவிடும். தொட்டால் லேசான எண்ணெய்ப்பசை. பலாவில் இந்த வரிசை கிடையாது, துளைகள் சிதறிக் கிடக்கும். மேலே எவ்வளவு கறுத்திருந்தாலும் சீவினால் மஞ்சள் கலந்த பழுப்பு. தஞ்சாவூர் வீணை செய்வதும் இதே பலாவில்தான். வேங்கைக்கு ஜோரான ஒரு சோதனை இருக்கு: சீவலைத் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் பிடித்தால் நீர் நீலமாக மினுங்கும். அதன் சொந்தக்கார மரங்கள் சிலவும் இப்படிச் செய்யும் என்பதால் லென்ஸை விட்டுவிடக் கூடாது.

அந்தக் குவியலில் வாசல்நிலையும் கதவும் தேக்கு. மச்சுப் பலகையில் பாதிக்கு மேல் பலா. கூரைச் சட்டங்கள் பனை. பனையில் வளையமே இருக்காது, முனையில் கறுப்புப் புள்ளிகள்தான்.

சரி, தேக்கு. பர்மாவா? இதை லென்ஸ் சொல்லாது. ஆனைமலைத் தேக்கும் நிலம்பூர்த் தேக்கும் பர்மாத் தேக்கும் ஒரே இனம். கப்பல் கட்டவே மலபார்க் காடுகளை வெட்டித் தீர்த்த பிறகு, 1840களில் கலெக்டர் கொனொலியும் சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்கு நட ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கம், 1826ல் தெனாசரிம் பிரிட்டிஷார் கைக்குப் போனதும் மௌல்மீன் தேக்குத் துறைமுகமாக வளர்ந்தது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டி, இரண்டு மூன்று வருஷம் நின்றபடியே காயவிட்டு, பிறகு சாய்த்து, யானையால் இழுத்து ஆற்றில் விடுவார்கள். 1885ல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் கணக்கில் காட்டாமல் மரம் எடுத்ததாகச் சொல்லி மன்னர் தீபாவின் அரசு சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதையே சாக்காக வைத்துப் போர் வந்தது. 1886 ஜனவரி 1 அன்று மேல்பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. ஒரு தேக்குத் தகராறில் ஒரு ராஜ்ஜியமே போச்சு!

கட்டையின் முனையில் அடித்த சுத்தியல் முத்திரை, பலகையாக அறுக்கும்போதே பெரும்பாலும் போய்விடும். அதனால் பர்மா என்று சொல்ல மரத்துக்கு வெளியேதான் சாட்சி தேடணும்: வீட்டுக் கணக்கு நோட்டு, மர டிப்போ ரசீது. இவை பலகையோடு விலைக்குப் போவதில்லை, குப்பைக்குப் போகின்றன.

பிரிக்கப் போகிறவங்க யாராவது இதைப் படித்தால், மரத்தை இறக்கும் முன்னாடியே எது எந்த அறை, எந்த இடம் என்று சாக்பீஸால் பின்பக்கம் எழுதிடுங்க. கணக்கு நோட்டு கிடைத்தால் ஒரு போட்டோ. இனத்தைப் பிறகுகூட லென்ஸில் பார்த்துக்கலாம்.