அந்தரும் பல்டியும்

கல்லடியில் நான் சிறுவனாயிருந்த காலத்தில் கொப்பராவை அந்தர்க் கணக்கில்தான் நிறுப்பார்கள். ஓர் அந்தர் 112 இறாத்தல். நூறு என்று பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லோடு உறவுடையது இது. 1602 இல் ஸ்பில்பேர்கன் வந்திறங்கியதும், 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கோட்டையைப் பறித்ததும் எங்கள் மட்டக்களப்பில்தானே! கோட்டையை ஆண்டவர்கள் போய்விட்டார்கள். அந்தர் கடைத் தராசில் தங்கிவிட்டது.

அந்நாளில் தமிழ்நாட்டு வார இதழொன்றில், யாரோ ஓர் அரசியல்வாதி ‘அந்தர் பல்டி அடித்தார்’ என்று படித்தேன். 112 இறாத்தலைச் சுமந்துகொண்டு ஒருவர் எப்படிக் கரணம் அடிப்பார்? பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “பாரம் கூடினவங்கதான் மனே லேசாப் பிரள்றாங்க” என்றார்.

பல்டி வடக்கிலிருந்து வந்த சொல். இந்தியில் ‘பலட்னா’ என்றால் புரளுதல், திரும்புதல். அதன் பெயர்ச்சொல் ‘பல்ட்டீ’. அங்கே ஏறுமாறாகக் கிடப்பதை ‘உலட் பலட்’ என்பார்கள். இந்திக்காரர் பல்டியைத் ‘தின்பதும்’ உண்டு, ‘அடிப்பதும்’ உண்டு. தமிழர் அடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டோம். காரணம், நம்மிடம் ஏற்கெனவே கரணம் அடிப்பவர்கள் இருந்தார்கள். முன்னாலிருக்கும் அந்தர், நமது கடைத் தராசு அந்தர் அன்று. அந்தரத்தில் அடிக்கும் பல்டி என்றே தமிழர் அதைக் கொள்கின்றனர். ஈழத்தில் நமக்கோ அந்தரம் என்றால் பதற்றம், தவிப்பு. ‘அந்தரப்படாதே’ என்கிறோம் அல்லவா?

கரணம் வடசொல்லாயினும் நெடுங்காலமாய் நம்மோடு வாழ்வது. தில்லைக் கோபுரத்தில் நூற்றெட்டுக் கரணங்களும் சிற்பமாய் நிற்கின்றன. கழைக்கூத்தாடியின் குட்டிக்கரணமும் அந்தச் சொல்தான். சிங்களத்திலும் கரணம் ‘கஹனவா’ என்பார்கள்; கஹனவா என்றாலும் அடித்தல்தான். பழைய தமிழ்ப் பேச்சு, கருத்து மாறியவனின் குற்றத்தை நாவில் கண்டது: நாப் பிறழ்ந்தான், சொன்ன சொல்லைப் பிரட்டினான் என்றது. பல்டி அப்படியன்று. முழு உடம்பும் புரள்கிறது. ஆனால் ஆள் காலில்தான் வந்து நிற்கிறான், ஒன்றுமே நடவாதவன்போல! அந்த நிற்றல்தான் நம்மைச் சிரிக்க வைக்கிறது என்பது என் எண்ணம்.

1967 இல் ஹரியானாவின் கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். ‘ஆயா ராம், கயா ராம்’ என்று, வந்த ராமனும் போன ராமனுமாய், அது பழமொழியாயிற்று. அதற்கு முன்பே, 1964 டிசம்பர் 3 ஆம் நாள், இங்கே சி. பி. டி சில்வா பதின்மூவரோடு எதிர்வரிசைக்குப் போனார். லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசு கையேற்கும் மசோதா தகராறு அது. சிறிமாவோ அரசு ஒரே வாக்கால் தோற்றது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

தமிழில் மிகப் பெரிய மாற்றம் எது? சமணத்தில் தருமசேனராய் இருந்தவர் திருநாவுக்கரசராய் வந்ததே. அதை எவரும் பல்டி என்பதில்லை. நீற்றறையில் இட்டார்கள், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள் என்கிறது பெரியபுராணம். அதனால் மட்டுமன்று, தாம் முன்பு நின்ற இடத்தை அவர் மறைக்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு அதைச் சொல்லி வருந்தினார்.

1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. மறு ஆண்டு எங்கள் தொகுதியின் ‘சொல்லின் செல்வர்’ இராசதுரை, கூட்டணியிலிருந்து ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய்ப் பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். கூரை போன எங்கள் திண்ணையிலே துரோகம் என்றார்கள் சிலர். ஊர் எழும்ப வேண்டாமா என்றார்கள் சிலர். பல்டி என்றும் ஓர் இளைஞன் சொன்னான். பெரியப்பா 1956 முதல் அவருக்கே புள்ளடி போட்டவர். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் விழுந்து கிடந்த தென்னையொன்றின் குருத்தைப் பிளந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.