கூடிக் கற்றலும் புகுமுக மாணவரும்: விஸ்கொன்சின் பரிசோதனைக் கல்லூரி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகத்திற் புதிதாகக் காலடி வைக்கும் மாணவர் எதிர்நோக்கும் முதல் இடர் பாடத்தின் கடினமன்று, தனிமையேயாகும். பாடசாலையில் ஒரே வகுப்பறையில் ஒரே குழுவினராய்ப் பயின்றோர், இங்கு பாடத்துக்கொரு மண்டபமும் மண்டபத்துக்கொரு கூட்டமுமாகச் சிதறுகின்றனர். இதனைத் தனி மாணவரின் பலவீனமெனக் கொள்ளாது, கல்வி ஒழுங்கின் குறைபாடெனக் கண்டு பரிகாரந் தேடிய முன்னோடி முயற்சிகளுள் ஒன்று, அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1927 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பரிசோதனைக் கல்லூரியாகும்.

இதனை அமைத்தவர் மெய்யியலாளரான அலெக்சாந்தர் மைக்கிள்ஜோன். அமெஸ்ற் கல்லூரியின் தலைமைப் பதவியை 1923 இல் இழந்திருந்த அவரை, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத் தலைவர் கிளென் பிராங் அழைத்துக்கொண்டார். அடம்ஸ் விடுதியில் மாணவர் வதிந்தனர். ஆசிரியர்களின் அலுவலறைகளும் ஆங்கேயே அமைந்தன. முதலாண்டு முழுவதும் அனைவரும் பண்டைய ஏதென்சு நகரின் வாழ்வையே கற்றனர். இரண்டாமாண்டில் நவீன அமெரிக்காவைக் கற்றனர். இடைப்பட்ட விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் பிரதேசத்தை ஆராய்ந்தனர். தனித்தனிப் பாடங்கள் இருக்கவில்லை. அனைவரும் ஒரே நூலைப் படித்தமையால், உணவு மேசையிலும் அந்நூல் பற்றிய விவாதம் தொடர இடமிருந்தது. கற்றலே உறவுக்கு வாயிலாயிற்று.

எனினும், இக்கல்லூரி 1932 இல் மூடப்பட்டது. பொருளாதார மந்தமும் மாணவர் தொகையின் வீழ்ச்சியும் மாத்திரம் இதற்குக் காரணங்களல்ல. பல்கலைக்கழகத்தின் ஏனைய ஆசிரியர் பலர் இதனை ஐயுறவுடன் நோக்கினர். மாணவர் தீவிரவாதிகள் என்ற அவப்பெயரும் பரவிற்று. ஆடவர்க்கு மட்டுமே இடமளித்தமை அதன் பிறிதொரு குறையாகும். உள்ளே உறவை வளர்த்த கல்லூரி, வெளியே உறவைப் பேணத் தவறியது எனலாம்.

ஆயினும், அக்கருத்து அழிந்துவிடவில்லை. மைக்கிள்ஜோனின் மாணாக்கரான யோசப் ரஸ்மன் 1965 முதல் 1969 வரை பேர்க்கிலியில் இத்தகையதொரு திட்டத்தை நடாத்தினார். 1971 இல் மாணவரை ஏற்கத் தொடங்கிய எவர்கிறீன் கல்லூரி, பல துறை ஆசிரியர் ஒருங்கே கற்பிக்கும் முறையைத் தன் அடித்தளமாகவே கொண்டது.

இவ்வரலாறு எமக்கும் உரியதே. புதுமுக வதையைத் தடைசெய்யும் சட்டம் இலங்கையில் 1998 இல் இயற்றப்பட்டது. எனினும், அவ்வதை மூத்தோரையும் இளையோரையும் பிணைப்பதென வாதிடுவோர் இன்றும் உளர். பிணைப்பு வேண்டுமென்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், அச்சத்தாற் பிறப்பது உறவன்று, பணிவே. சட்டம் வதையைத் தடுக்கலாம். வதை நிரப்புவதாகக் கூறப்படும் வெற்றிடத்தைச் சட்டத்தால் நிரப்பவியலாது. புதிய மாணவர் சிலரும் மூத்த மாணவர் ஒருவரும் விரிவுரையாளர் ஒருவரும் கிழமைக்கொரு முறை ஒரு நூலைச் சுற்றி அமர்வதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. அதனைத் தொடங்கும் பொறுப்பு, நேற்றுப் புதியவராய் வந்து இன்று மூத்தோராகியுள்ள எம்மிடமே உள்ளது.