கெராங் குஞ்சுகளைத் தாக்கும் கன உலோகம்

ஈப்போவை அடுத்த லகாட், ஒரு காலத்தில் ஈய லம்பங்கள் நிறைந்த வட்டாரம். லம்பங்கள் மூடப்பட்டு, இன்று குட்டைகளே எஞ்சியுள்ளன. இப்பகுதி நீர் கிந்தா ஆற்றில் கலந்து, பேராக் ஆற்றின் வழியாக மலாக்கா நீரிணையை அடைகிறது. 1840-களிலேயே ஈயம் தோண்டப்பட்ட லாருட் வட்டாரத்து நீர், மாத்தாங் கடலோரச் சேற்றுநிலங்களுக்குச் செல்கிறது. பேராக் கடலோரத்துச் சேற்றில்தான் கெராங் வளர்க்கப்படுகிறது. நாட்டின் கெராங் வளர்ப்பு 1948-இல் தொடங்கியதும் பேராக்கிலுள்ள பாகான் பஞ்சோரில்தான்.

ஈயத் தாதுவோடு ஆர்செனிக் கலந்த கனிமங்களும் மண்ணிலிருந்து வெளிவருவதுண்டு. தொழிற்சாலைக் கழிவு, படகுகளின் அடிப்பாகத்தில் பூசப்படும் சாயம், வீசப்படும் பேட்டரி ஆகியவற்றிலிருந்து செம்பு, துத்தநாகம், காட்மியம், பாதரசம் போன்றவை நீரில் சேர்கின்றன.

வளர்ந்த கெராங் இவற்றை ஓரளவு தாங்கும். உலோகத்தைப் புரதத்தோடு பிணைத்து உடலில் ஒதுக்கி வைக்கும். குஞ்சுக்கு அந்த வலு இல்லை. ஆண், பெண் கெராங்குகள் விந்தையும் முட்டையையும் கடல்நீரிலேயே விடுகின்றன. கருவுற்ற முட்டைக்கு ஓடும் கிடையாது. முதல் ஓரிரு நாள்களில் அது பலமுறை பிளந்து, நீந்தும் குஞ்சாகி, மெல்லிய ஓட்டை உருவாக்க வேண்டும். செம்பு, பாதரசம் போன்றவை உயிரணுவின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு இந்த வேலையைக் குலைக்கின்றன. ஓடு கோணலாகும், நீந்தவோ இரை தேடவோ முடியாமல் குஞ்சு மடியும்.

லிட்டருக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம் செம்பு இருந்தாலே மஸல், ஆயிஸ்டர் சிப்பிகளின் கருக்களில் ஏறக்குறைய பாதி ஊனமடைவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதனால்தான் கடல்நீரின் தரத்தை அறியச் சிப்பிக் கருவை 48 மணி நேரம் அந்நீரில் வளர்த்துப் பார்க்கும் முறை பல நாடுகளில் உள்ளது.

மலேசியாவில் 2010-இல் சுமார் 78,000 டன்னாக இருந்த கெராங் உற்பத்தி, 2014-க்குள் 20,000 டன்னுக்கும் கீழே சரிந்தது. இதற்குக் கன உலோகம் மட்டுமே காரணமன்று. பிற மாசும் சேற்று மாற்றமும் விதைக் குஞ்சுப் பற்றாக்குறையும் சேர்ந்தே காரணம்.

ஆக, சந்தைக்கு வரும் கெராங்கைச் சோதிப்பது உண்பவரைக் காக்கும். அடுத்த தலைமுறைக் கெராங்கைக் காக்காது. அதற்கு முட்டையிடும் காலத்தில் கடல்நீரையே சோதிக்க வேண்டும். பழைய பேட்டரியைக் கால்வாயில் வீசாமல் மறுசுழற்சிக்குக் கொடுப்பது லகாட்டில் இருப்பவரும் செய்யக்கூடிய உதவி.