கணக்குப்பிள்ளை பெட்டியும் கடவுச்சொல்லும்

1804 வரை தாராபுரம் ஜில்லாத் தலைநகர். 1799-இல் திப்பு வீழ்ந்ததும் கோவைச் சீமையை இரண்டாகப் பிரித்து ஆண்ட கம்பெனி, தென்பகுதிக் கச்சேரியை இங்கேதான் வைத்தது. ஆனால் எந்தக் காடு யாருடையது, தீர்வை எவ்வளவு என்பதெல்லாம் கச்சேரிக்குத் தெரியாது, கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும். கணக்கு அவர் வீட்டுப் பெட்டியில் கிடந்தது. அப்பன் எழுதியதை மகன் தொடர்ந்தான். அவசரத்துக்கு மைத்துனனும் எழுதியிருப்பான். எது சர்க்கார் தகவல், எது வீட்டுச் சங்கதி என்ற கேள்வியே அவருக்கு எழுந்திருக்காது.

கேள்வி அரசுக்குத்தான் எழுந்தது. 1889-இலும் 1923-இலும் வந்த அலுவலக ரகசியச் சட்டங்கள் ஊழியரைச் சந்தேகிப்பதிலிருந்து தொடங்குபவை. அலுவலக ரகசியம் என்பதே அதிகாரவர்க்கத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு என்பார் மாக்ஸ் வெபர்.

1980-இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பெட்டி போய் கிராம நிர்வாக அலுவலர் வந்தார், பிறகு கம்ப்யூட்டர். கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லாதே என்பது இப்போதைய விதி. ஓர் ஆபீசில் அதை மானிட்டர் ஓரத்திலேயே துண்டுச்சீட்டில் ஒட்டி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "நாலு பேரு வேலைய ஒருத்தரு பாக்கறமுங்க. பூட்டிப் பூட்டித் தொறந்துட்டிருந்தா ஆகுமுங்களா?" என்றார் ஒருவர். லண்டனில் ஆன் ஆடம்ஸும் ஏஞ்சலா சாசியும் 1999-இல் ஆய்வு செய்து எழுதியதும் கிட்டத்தட்ட இதைத்தான்: ஊழியர் எதிரியல்ல, வேலையோடு ஒட்டாத விதிதான் மீறலைப் பெற்றெடுக்கிறது. பொறுப்பு ஒருவர் பெயரில், வேலை பலர் கையில். அன்றைய மைத்துனன் இடத்தில் இன்று தற்காலிக ஆபரேட்டர். மாட்டினால் முதலில் வீட்டுக்குப் போவதும் அவர்தான்.

இதோடு நிறுத்தினால் கணக்குப்பிள்ளையைப் புனிதராக்கியவர்கள் ஆவோம். 1892-இல் தலித்துகளுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களைப் பிறருக்கு மாற்றக்கூடாது என்று நிபந்தனை இருந்தது. அப்படியும் ஏராளமாகக் கைமாறின. தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதே உரியவனுக்குத் தெரியாதபோது, அதை வாங்க வந்தவனுக்குத் தெரிந்திருந்தது. ரகசியம் காக்கப்பட்டது ஒருவனிடம்; கசிந்தது இன்னொருவனுக்கு. மீறல் என்ற ஒரே சொல்லால் துண்டுச்சீட்டையும் இந்தக் கசிவையும் சேர்த்துக் கட்டுவது அதிகாரத்துக்கு வசதி, அவ்வளவுதான்.

2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு 1923 சட்டத்தை மீறி நிற்கும். பழைய சட்டமும் சாகவில்லை. மனுப் போட்டு முப்பது நாள் காத்திருப்பவர் யார், டீக்கடையில் உட்கார்ந்தே நகல் வாங்கிக்கொள்பவர் யார் என்று எந்த ஆடிட்டும் கேட்பதில்லை.