முருகன் அட்டை போட்ட நாவல்

லக்ஷ்மியின் ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அதையொட்டி விருத்தாசலம் கடைவீதியில் சித்தி வாங்கிய பிரதி இது. பெண்ணாடம் வந்து சேர்ந்த அன்றே பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டாள், முருகன் வெளியே தெரிகிற மாதிரி. தாத்தாவுக்குக் கதைப் புத்தகம் ஆகாது. முருகனோடு அவருக்கு வழக்கில்லை.

மே மாதத்தில் வெள்ளாற்றில் மணல்தான் ஓடும். லீவுக்குத் தாய்வீடு வந்த பெண்கள், சாப்பாட்டுக் கடை முடிந்ததும் கூடத்தில் தலையணை போட்டுப் படுத்துப் படிப்பார்கள். “முடிச்சிட்டியாடி? எதிர்வீட்டு அக்கா ரெண்டு தடவை ஆள் அனுப்பிடுச்சு.” இப்படியே தூங்கானைமாடம் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களெல்லாம் போய்வந்தது புத்தகம். திரும்பும்போது ஒரு பக்கத்தில் புளிக்கறை, பின்னட்டையின் உள்பக்கம் பால் கணக்கு, அதன்கீழ் யாரோ போட்டுப் பார்த்த புள்ளிக் கோலம்.

“டாக்டரம்மா எழுதினது” என்றுதான் கைமாற்றுவார்கள். லக்ஷ்மி என்கிற திரிபுரசுந்தரி தொட்டியத்துக்காரர். ஸ்டான்லியில் மருத்துவம் படிக்கையில் விகடனில் எழுதிச் சம்பாதித்துப் படிப்பைக் காப்பாற்றிக்கொண்டவர். பிறகு பல வருஷம் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். ‘பொம்பளைங்க கதை’ என்று உதடு பிதுக்கிய பெரியப்பா மட்டும் தன் பங்குக்குப் பதினேழாம் அத்தியாயத்தில் பீடி நெருப்பால் ஓட்டை போட்டிருந்தார். இரவில் படிப்பாராம்.

ஒரு மே மாதம் அதுவும் எங்களோடு கடலூருக்கு பஸ் ஏறியது. நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி, கடைசியில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். நாங்கள் அலையைப் பார்த்து ஓட, அத்தை படகு நிழலில் உட்கார்ந்து பையிலிருந்து முருகனை எடுத்தாள். அதுவரை கடலையே பார்த்திராதவள்.

“வா அத்தை, காலையாவது நனை.”

“கடல் எங்கடா போயிடப் போவுது? இவ என்ன ஆவறான்னு பாத்துட்டு வரேன்.”

இருட்டும்வரை வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு ஓடும்போதுதான் ஓரமாக நின்று பாதத்தை நனைத்துக்கொண்டாள், புத்தகத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி.

இப்போது அது பெங்களூரில் என் தங்கை மகளிடம் இருக்கிறது. முருகன் கிழிந்துபோய்விட்டார். கோலம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ‘11 புள்ளி’ என்று எழுதியிருக்கிறது, எண்ணினால் பத்துதான்.