ஆடு மேய்க்கப் போன மனுஷர்

ஒழுங்கா படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்னு வீட்டுல திட்டு வாங்காதவங்க நம்மில் ரொம்பக் கம்மி. ஜான் மியூர் பல்கலைக்கழகம் வரை எட்டிப்பார்த்துவிட்டு மேய்க்கப் போனவர். மாடில்லை, செம்மறி ஆடு :-)

1838ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, பதினோரு வயதில் அமெரிக்கா வந்தவர். இயந்திரங்களில் கில்லாடி. 1867ல் இண்டியானாபொலிஸில் குதிரை வண்டி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அரம் நழுவி வலது கண்ணில் குத்திவிட்டது. இன்னொரு கண்ணும் மங்கிப் போச்சு. இருட்டறையில் வாரக்கணக்கில் கிடந்தார். பார்வை திரும்பியதும் மெஷினுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பி, மெக்சிகோ வளைகுடா வரைக்கும் கிட்டத்தட்ட 1,000 மைல் நடை! அடுத்த வருஷம் கலிபோர்னியா.

1869 கோடையில்தான் அந்த ஆட்டு வேலை. 2,000க்கும் மேற்பட்ட ஆடுகளை சியரா நெவாடா மலையில் மேலே மேலே ஓட்டிப்போக வேண்டும். மேய்க்க வேறு ஆள் உண்டு, அவரைக் கவனித்துக்கொள்வதுதான் இவர் வேலை. அதனால் செடிகளை வரையவும் பாறைகளில் ஏறவும் நேரம் கிடைத்தது. மனுஷர் அந்த மலைக்கு அடிமையாகிவிட்டார். கூடவே இன்னொன்றையும் பார்த்தார்: மந்தை கடந்துபோன இடத்தில் பூவும் இல்லை, புல்லும் இல்லை. ஆடுகளை வெட்டுக்கிளிகளோடு ஒப்பிட்டே எழுதினார். சம்பளம் கொடுத்ததும் அதே ஆடுகள்தான் என்பது வேறு விஷயம்.

யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு லிங்கன் காலத்திலேயே, 1864ல், பாதுகாப்பு கிடைத்திருந்தது. ஆனால் பள்ளத்தாக்குக்குத் தண்ணி அனுப்பும் மேல்மலைப் புல்வெளிகளுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. இருபது வருஷம் கழித்து, 1889ல், ராபர்ட் அண்டர்வுட் ஜான்சன் என்ற பத்திரிகை ஆசிரியரை மியூர் அங்கே அழைத்துப்போனார். நீங்க எழுதின பூவெல்லாம் எங்கே ஐயான்னு அவர் கேட்க, ஆடு தின்னுடுச்சு என்றார் இவர். அன்றைக்கு ராத்திரி தீ மூட்டி உட்கார்ந்து பேசியதில் பிறந்த யோசனை, 1890 அக்டோபர் 1ல் சட்டமாகி தேசியப் பூங்காவானது. ஆடு ஓட்டிகளைத் துரத்தக் குதிரைப்படையே வந்தது. 1903ல் அதே வைத்தியம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு. மூணு ராத்திரி காட்டில் முகாம், அதில் ஒருநாள் தூங்கி எழுந்தால் போர்வைமேல் பனி. 1906ல் பள்ளத்தாக்கும் பூங்காவோடு சேர்ந்தது. எழுத்தைவிட, கூட்டிப்போய்க் காட்டியதுதான் வேலை செய்தது என்பேன்.

ஆனா அந்தக் கண்ணுக்கும் படாதது ஒன்று இருந்தது. மனிதக் கை படாத காடு என்று அவர் உருகிய இடத்தில் அவானீச்சி மக்கள் காலம்காலமாக வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் அவ்வப்போது தீ வைத்துப் பராமரித்ததால்தான் பள்ளத்தாக்கின் புல்வெளிகள் திறந்த வெளியாக இருந்தன. 1851ல் ஒரு ஆயுதப்படை ஊர்களை எரித்து அவர்களை விரட்டியது. அந்தக் கோடையில் சந்தித்த பழங்குடிகளைப் பற்றி மியூர் எழுதியதைப் படித்தால் சங்கடமாயிருக்கும். 1892ல் அவரைத் தலைவராகக் கொண்டு துவங்கிய சியரா கிளப்பே 2020ல் இதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. ரொம்ப லேட்டுதான்.

கடைசிச் சண்டையில் அவர் தோற்றார். சான் பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்ட 1913 டிசம்பரில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அடுத்த டிசம்பரில் மியூர் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் அந்த ஊர்க் குழாயில் வருவது அந்தத் தண்ணிதான். ஹெட்ச் ஹெட்சி 1890ல் போட்ட பூங்கா எல்லைக்கு உள்ளேதான் இருந்தது.