துறைவன் என்னும் பெயர்

வாழும் நிலமே மனிதருக்குப் பெயர் தரும் என்பது தமிழின் பழைய மரபு. தொல்காப்பியம் இவற்றைத் திணைநிலைப் பெயர் என்று வகுக்கிறது. மலைநிலத் தலைவன் வெற்பன். மருதநிலத் தலைவன் ஊரன். கடற்கரைக்கோ பல பெயர்கள்: துறைக்கு உரியவன் துறைவன், கடற்கரையாகிய சேர்ப்புக்கு உரியவன் சேர்ப்பன், புலம்பு எனப்படும் நெய்தல் நிலத்துக்கு உரியவன் புலம்பன். புலம்பு என்ற சொல்லுக்குத் தனிமை என்ற பொருளும் உண்டு. கடலுக்குச் சென்றவரை எதிர்பார்த்துக் கரையில் நிற்கும் குடும்பங்களுக்கு அந்த இரண்டாம் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இக்கரையில் மீன்பிடித்தும் முத்தெடுத்தும் வாழ்ந்த மக்களைச் சங்க இலக்கியம் பரதவர் என்றது. 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துகீசியர், முத்துச் சலாபத்தைக் கண்டு இக்கரைக்குப் பெஸ்காரியா என்று பெயரிட்டனர். 1530களில் திருமுழுக்குப் பெற்ற பரதவரிடையே பர்னாந்து முதலிய போர்த்துகீசியப் பெயர்களும் வேரூன்றின. 1542இல் புனித சவேரியார் இங்கு வந்தபோது இவர்கள் புதிய பெயர் பூண்ட பழைய நெய்தல் மக்களாகவே இருந்தனர். இன்று பர்னாந்து என்ற பெயரைக் கேட்டு இவர்களை அந்நியர் என எண்ணுவோர், அப்பெயருக்குள் இருக்கும் துறைவனை அறியாதவரே.

1961ஆம் ஆண்டோடு இக்கரையில் முத்துச் சலாபம் ஓய்ந்தது. ஆயினும் முத்துக்குளித்துறை என்ற பெயர் நிலைத்துவிட்டது. தொழில் மறைந்த பின்னும் பெயர் மறையவில்லை. ஆனால், படிப்புக்காகவும் வேலைக்காகவும் உள்நாட்டு நகரங்களுக்குச் செல்லும் நம் இளைஞருள் சிலர், தம்மைக் கடற்கரைக்காரர் என்று சொல்லத் தயங்குவதை நாம் காண்கிறோம். அச்சொல்லில் மீன்வாடை வீசுவதாகப் பிறர் முகம் சுளிப்பதே காரணம்.

கலிலேயர் என்ற பெயரும் ஒரு காலத்தில் இகழ்ச்சியே. பேதுருவை அவரது பேச்சே கலிலேயர் என்று காட்டிக்கொடுத்தது. 4ஆம் நூற்றாண்டில் உரோமைப் பேரரசன் ஜூலியன், கிறிஸ்தவரை இழித்துரைக்க அப்பெயரையே எடுத்தாண்டான். இன்று அந்த இகழ்ச்சியை நினைப்பார் இல்லை. கலிலேயக் கடலோ ஞாயிறுதோறும் நற்செய்தியோடு நம் காதில் விழுகிறது.

இழிவு பெயரில் இல்லை. அதை உச்சரிக்கும் நாவில் இருக்கிறது. ஆகவே, எந்த ஊர் என்று கேட்போரிடம் கடற்கரை என்று நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து சொல்லட்டும். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய அப்பெயரை அடுத்த தலைமுறைக்குக் குறைவின்றி ஒப்படைப்பது நம் கடமை.